பக்கத்து பெஞ்சில் இருப்பவன்



பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சீண்டுபவன், சீண்டப்படுபவன் இருவரைப் பற்றியும் ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. இன்று நான் மூன்றாமவனைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறானே, அவன்.

1985 நவம்பரில் டோக்கியோவின் நக்கானோ பகுதிப் பள்ளி ஒன்றில் 13 வயதுச் சிறுவன் வகுப்புக்குள் நுழைகிறான். அவன் மேசைமேல் அவனுடைய படம். பக்கத்தில் பூ, ஊதுவத்தி. கூடவே ஓர் அட்டை. அதில் அவனுக்கு விடை கொடுத்து வகுப்பே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறது. உயிரோடு இருப்பவனுக்கு இழவு நடத்தி விளையாடியிருக்கிறார்கள். அட்டையில் நான்கு ஆசிரியர்களின் எழுத்தும் இருந்தது. அவர்களில் ஒருவர் வகுப்பாசிரியர். 1986 பிப்ரவரி முதல் நாள் அந்தச் சிறுவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஜப்பானில் இதற்கென ஒரு சட்டம் வர 2013 வரை ஆயிற்று. அதுவும் ஓட்சு நகரில் இன்னொரு சிறுவன் இறந்த பிறகு. ‘பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு வலித்தால் அது துன்புறுத்தல்தான்’ என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. செய்தவன் விளையாட்டுக்குச் செய்தானா, வேண்டுமென்றே செய்தானா என்பது அங்கே அளவுகோல் அல்ல.

கையெழுத்திட்ட அந்த ஆசிரியர்களை நாம் எளிதாகத் திட்டிவிடலாம். நம் வகுப்பறைக்கு வாருங்கள். காலையில் வருகைப் பதிவு எடுக்கிறோம். ஒரு பையனின் பெயரைக் கூப்பிட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது, வகுப்பு சிரிக்கிறது, நாம் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போகிறோம். அதுவும் கையெழுத்துதான். பிறகு விசாரித்தால், “சும்மா ஓட்டினோம் சார்” என்பார்கள். இங்கே இருக்கும் பலருக்கு அந்தப் பதில் மனப்பாடம்.

கூட்டம் இல்லாமல் இது நடப்பது அபூர்வம். கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்லர், கிரெய்க் என்ற மூன்று ஆய்வாளர்கள், பள்ளி மைதானங்களில் பிள்ளைகளின் நடத்தையை வீடியோவில் பதிந்து ஆராய்ந்தார்கள். 2001இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, சீண்டல் நடந்த 100 தடவையில் 88 தடவை மற்ற பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். யாராவது குறுக்கே போனது 19 தடவைதான். ஆனால் குறுக்கே போனபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை, அதாவது 57 விழுக்காடு, பத்து நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. ஒரு பிள்ளை “விடுடா” என்று சொல்ல ஆகிற நேரம் அவ்வளவுதான்.

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி இப்படி வேடிக்கை பார்ப்பவர்களை வைத்துத்தான் ஒரு திட்டத்தைக் கட்டினார். சீண்டுபவனுக்குக் கை கொடுப்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், நழுவுபவர், பரிந்து நிற்பவர் என்று வகுப்பை அவர் 1996இலேயே பிரித்துக் காட்டியிருந்தார். 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவிய ‘கீவா’ திட்டத்தில், புகார் வந்தால் சம்பந்தப்பட்டவர்களோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை. வகுப்பில் செல்வாக்குள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியே அழைத்து, பாதிக்கப்பட்டவனுக்குத் துணையாக நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறார். தண்டனை மட்டும் கொடுத்துவிட்டு மறுநாள் அதே வகுப்பில் பாதிக்கப்பட்டவனைத் தனியே உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதை அப்படியே எடுத்து வந்து நம் ஊரில் ஒட்டிவிட முடியுமா? முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பட்டியல் சமூகத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், உடன் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். பள்ளி கேட்டது, அவன் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். ‘பிள்ளைகள் வாய் திறந்து சொல்ல வேண்டும்’ என்று நாம் மேடைதோறும் சொல்கிறோமே, அவன் சொன்னவன்தான். சொல்லாதது அவன் வகுப்பு.

ஏன் சொல்லவில்லை? துர்க்குவில் பரிந்து நிற்கும் பிள்ளைக்கு நாலு பேரின் சிரிப்புதான் நஷ்டம். இங்கே மணிக்கட்டில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டியவன், கட்டாதவனுக்காக ஒரு வார்த்தை பேசினால், சாயங்காலத்துக்குள் அது அவன் தெருவுக்குப் போய்விடும். வீட்டில் அப்பாவே கேட்பார். வேடிக்கை பார்ப்பவனுக்கும் சாதி இருக்கிறது. நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்ற பரிந்துரையைப் பிடித்துக்கொண்டு ஊரே சண்டை போட்டது. ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி பெரும்பான்மையோ, அந்தச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றும் இருக்கிறது. கயிற்றைவிட இவை முக்கியம் என்பது என் கருத்து. பரிந்து பேசும் பிள்ளைக்குப் பின்னால் ஊருக்குக் கட்டுப்படாத ஒரு பெரியவர் நிற்க வேண்டும் அல்லவா?

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் போய்வரும் இடத்தில் அதை மாட்டினால், யார் சீட்டுப் போடுகிறான் என்று பள்ளிக்கே தெரியும். தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ நூலகத்திலோ மாட்டுவதற்குத் தனி அரசாணை எதுவும் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து சில நாள் ‘வரவில்லை’ என்று இருந்தால், காய்ச்சல் என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள். வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். போவதற்கு முன், அவனோடு பெஞ்சில் உட்காரும் பையனைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் பெயரை எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்; அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.