மணலுக்குள் ஒரு நகரசபை

யாழ்ப்பாணத்திலே கிணறு வெட்டுவோர் சுண்ணக்கல்லை உடைத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். மன்னார்த் தீவிலோ மணலை வாரினாற் போதும். சில அடி ஆழத்திலேயே தண்ணீர் ஊறி நிற்கும். பக்கங்களைச் சரிவாக அகழ்ந்தால் அது துரவு. சீமெந்து வளையங்களை இறக்கினால் அது கிணறு. இரண்டிலும் நிற்பது ஒரே தண்ணீர்தான். இவ்வளவு எளிதிற் கிடைப்பதனாலேயே அதனைப் பற்றி ஊரவர் அதிகம் எண்ணுவதில்லை போலும்.

இத்தண்ணீர் கடலிலிருந்து ஊறி, மணலில் உப்பை விட்டுவிட்டு வருகிறது என்று நினைப்பாரும் உளர். அது தவறு. வாடைக் காலத்தில், ஐப்பசி தொடங்கி மார்கழி முடியப் பெய்யும் மழையே மணலிற் புகுந்து, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658 இல் கைப்பற்றி 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர், கோட்டையைத் திருத்திக் கட்டினரேயன்றி, காலடியிலிருந்த இந்தக் கணக்கை அறிந்திலர். அவர்களது தாய்நாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாடன் கைபன் என்ற பொறியியலாளரும், பின்னர் 1901 இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் அதனைத் தனித்தனியே கண்டு எழுதினர். கடல் மட்டத்திற்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது அவர்களது முடிபு. இதனை மறுபுறம் திருப்பிப் பார்த்தால்தான் அச்சம் பிறக்கும். இறைப்பு மிகுந்து மேலே ஓரடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் நாற்பது அடி மேலேற முயலும்.

ஆனால் மன்னார் நகரின் கிணறுகளுக்கு உவர் மட்டும் பகையன்று. வளவின் ஒரு மூலையில் கிணறு. மறு மூலையில் மலசலகூடக் குழி. இடையே இருப்பது மணல். கோடையில் இரண்டிற்கும் இடையே சிறிது உலர்ந்த மணலாவது உண்டு. மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்போது கிணறும் குழியும் ஒரே நீர்மட்டத்தில் நின்றுவிடுகின்றன. நுண்கிருமிகளை மணல் ஓரளவு தடுத்து வைக்கும். நீரிற் கரைந்துவிட்ட நைத்திரேற்றை அது தடுக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எழுதி வருகின்றனர். தோட்டப் பசளையும் மலக்குழியும் சேர்ந்து அங்கே விளைத்த கேடு அது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீர், புட்டிப்பால் உண்ணும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. காய்ச்சினாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

குழாய்நீர் வந்தபின் இக்கவலை எதற்கு என்று கேட்கலாம். மன்னார் நகரின் குழாய்களுக்குக் கடலுக்கு அப்பாலுள்ள முருங்கன் பகுதியின் நிலத்தடி நீரே ஆதாரம். அருவியாற்றுத் தண்ணீர் தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்திற்கு வருகிறது. குளத்துத் தண்ணீர் முருங்கன் வயல்களை நனைக்கிறது. அவ்வயல்களுக்குக் கீழே சுண்ணக்கற் படையில் நீர் தங்கியிருக்கிறது. அதில் ஒரு பங்கு இறைக்கப்பட்டுத் தீவிற்கு வருகிறது. நல்ல தண்ணீர்தான். ஆயின் வந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாளியால் அள்ளிக் குளித்தவன் குழாயைத் திறந்து குளிக்கிறான். ஒரு செம்பு நீர் ஊற்றிய மலசலகூடத்தில் இப்போது தொட்டி நீர் பாய்கிறது. பெருநிலத்தில் எடுத்த நீர் முழுவதும், அழுக்கையும் சுமந்துகொண்டு, தீவின் மணலிலேயே இறங்குகிறது. குழாய் நன்றாக ஓடும் வீதியிலேதான் குழிகளும் விரைவில் நிரம்புகின்றன. குழாய் வற்றும் நாளிலோ மக்கள் திரும்பவும் அதே கிணற்றுக்குத்தான் போக வேண்டும்.

இந்த ஒரே நீர் இரண்டு அலுவலகங்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. குழாய் வழியே வரும் நீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் எழுந்த சபை அது. மழைநீர் வாய்க்கால், குப்பை, மலக்கழிவு ஏற்றும் பவுசர், சந்தை, சுடலை ஆகியவை 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி இயங்கும் நகரசபைக்குரியவை. வருவது கொழும்பின் கணக்கில். போவது மன்னாரின் கணக்கில். போவதற்குப் பட்டியல் அனுப்பிப் பணம் வாங்குவது கடினம். ஆகவே வருவதற்குக் கிடைத்த கவனம் போவதற்குக் கிடைப்பதில்லை.

நகரசபையின் தீர்மானங்கள் பெரும்பாலும் செய்தித்தாளில் இடம்பெறாதவை. பவுசர் தன் சுமையை எங்கே இறக்குவது என்பது ஒரு தீர்மானம். பள்ளமான தரவை நிலத்தை நிரப்பிக் கடை கட்ட அனுமதிப்பதா என்பது இன்னொன்று. அத்தரவைதான் மாரி வெள்ளம் தங்கி மெல்ல மணலிறங்கும் இடம் என்பதைக் கட்டட வரைபடம் காட்டாது. குப்பை கொட்டும் இடமும் அப்படியே. மன்னாரின் பெயரோடு ஒட்டிப்போன கழுதைகள் வீதியோரக் குப்பையைக் கிளறுவதை அங்கு போனவர்கள் கண்டிருப்பர். முன்னர் பொதி சுமந்தவை, இன்று பிளாத்திக்குப் பைகளைத் தின்கின்றன. குப்பையின் சாறு மணலில் இறங்குவதை மட்டும் எவரும் காண்பதில்லை.

இத்தகைய தீர்மானங்களை எடுக்க வேண்டிய ஆசனங்களே சில காலம் வெறுமையாய் இருந்தன. 2018 பெப்ரவரி 10 ஆம் நாள் தெரிவு செய்யப்பட்ட உள்ளூராட்சிச் சபைகளின் காலம், ஓராண்டு நீட்டிக்கப்பட்டு, 2023 மார்ச் 19 இல் முடிந்தது. அடுத்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் பின்தள்ளப்பட்டது. அவ்வாறு நடத்தாமை குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 இலேதான் நடந்தது. இடைப்பட்ட ஈராண்டிற்கு மேல் உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். அவர்கள் கடமையில் தவறினர் என்று கூற வேண்டுவதில்லை. எனினும் ஒரு வட்டாரத்தில் எந்த வீட்டுக் கிணறு மார்கழியில் நாறும் என்பது கோப்பில் இராது. அதை அறிந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். 2018 தேர்தலில்தான் உறுப்பினருள் நான்கில் ஒரு பங்கு பெண்களாதல் வேண்டும் என்ற விதி முதன்முறை நடைமுறைக்கு வந்தது. அந்த அறிவு சபை மண்டபத்திற்குள் நுழைய ஒரு வாயில் திறந்து, ஒரு சபைக்காலம் கழிந்ததும் மூடப்பட்டது.

பெரிய தீர்மானங்களோ நகரசபைக்கு வெளியே எடுக்கப்படுகின்றன. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரிலிருந்து சுழல்கின்றன. அவற்றின் ஆற்றல் 103.5 மெகாவாற்று. மேலும் காற்றாலைகள் வருவதற்கும் கனிம மணல் அகழ்வதற்கும் எதிராக 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். காற்றாலைகளுக்குப் போட்ட பாதைகளால் மழைநீர் வழி மறிபடுகிறது என்பதும், மணலை அகழ்ந்தால் நன்னீர் போய்விடும் என்பதும் அவர்கள் கூறிய குறைகளுட் சில. மின்சாரம் நாட்டிற்குத் தேவைதான். ஆனால் மணலே தொட்டியாக இருக்கும் ஊரில், மணலை அள்ளுவது தொட்டியின் சுவரை அள்ளுவதாகும். அதனை எடுத்துரைக்கக் கூடிய உறுப்பினர் ஊரிலே அப்போது மீண்டும் இருந்தனர் என்பது சிறிய விடயமன்று.

உள்ளூராட்சிச் சபைகளின் நிதியாண்டு தை முதலாந் தேதி தொடங்குவது. எனவே மன்னார் நகரசபை தன் வரவு செலவுத் திட்டத்தை ஆராய்வது கார்த்திகையிலும் மார்கழியிலுமாம். புதிய பவுசர் ஒன்று வாங்குவதா, தூர்ந்த வாய்க்காலை முதலில் அகழ்வதா, சோலைவரிப் பணத்தில் எவ்வளவை எதற்கு ஒதுக்குவது என்று உறுப்பினர் உள்ளே விவாதிக்கும் அதே வாரங்களில், வெளியே வீதிகளில் மழைநீர் நிற்கும். வளவுகளில் கிணற்று நீர் கையெட்டும் உயரத்திற்கு வந்திருக்கும். குழி நீரும் அவ்வாறே.