தெருவுக்கும் பயணத்துக்கும் ஏற்ற சிறிய லென்ஸ்

தெருவிலும் பயணத்திலும் படம் எடுக்க லென்ஸ் தேடும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைத்தான். விலை, நிறுவனம், கூர்மை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. அந்தத் தூரத்தை நிர்ணயிப்பது லென்ஸின் மீது மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும் குவியத்தூரம்.

கணக்கு எளியது. ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதில் 35 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறோமோ ஏறத்தாழ அத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். 3 மீட்டர் தள்ளி நின்றால் 3 மீட்டர் அகலம். அதே இடத்தில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 2 மீட்டருக்குச் சற்று அதிகமாகவும், 28 மில்லிமீட்டர் லென்ஸ் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் காட்டும். நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் 50 மில்லிமீட்டருக்கு இரண்டரை மீட்டர் விலக வேண்டும். 35-க்கு ஒன்றே முக்கால் மீட்டர் போதும். 28-க்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. அந்த இடைவெளியில் எதிரில் இருப்பவர் கேமராவைக் கவனிக்காமல் இருக்க மாட்டார். ஒரு சிரிப்போ தலையசைப்போ இல்லாமல் அங்கே நின்று படம் எடுப்பது முறையும் அல்ல.

முகத்தின் தோற்றத்தையும் இந்தத் தூரமே தீர்மானிக்கிறது. மிக அருகிலிருந்து எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரிவதை அகல லென்ஸின் குறை என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் அது கிட்ட நின்றதன் விளைவு. அதே இடத்தில் நின்று எந்த லென்ஸால் எடுத்தாலும் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் மாறாது. படத்தின் ஓரத்தில் நிற்பவர் அகலமாக இழுபட்டுத் தெரிவது மட்டும் அகல லென்ஸுக்கே உரியது.

வேறு வகையைக் குறிப்பிடாத இடங்களில் இங்கே சொல்லும் எண்கள் ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கானவை. ஏபிஎஸ்-சி வகைக் கேமராக்களில் சென்சார் சிறியது. ஆகவே நிக்கான், சோனி, ஃபூஜிஃபில்ம் ஆகியவற்றில் லென்ஸின் எண்ணை ஒன்றரையாலும், கேனனில் 1.6 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் இரண்டால். ஃபூஜிஃபில்ம் கேமராவின் 23 மில்லிமீட்டர் லென்ஸ் 35 போலப் பார்ப்பது இதனால்தான்.

சிறிய லென்ஸும் தெருப் படமும் சேர்ந்தே வளர்ந்தவை. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமின் இரண்டு சட்டங்களை ஒன்றாக்கி 36-க்கு 24 என்ற அளவைப் பயன்படுத்தினார். அவருடைய கேமரா 1925-இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது, அதில் மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தது. பயன்படுத்தாதபோது அதை உடலுக்குள் அழுத்தி வைத்துவிடலாம், கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். 1930-களின் தொடக்கத்தில் அப்படியொரு லைக்காவை வாங்கிய பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், வாழ்நாளின் பெரும்பாலான படங்களை 50 மில்லிமீட்டர் லென்ஸாலேயே எடுத்தார். கேமராவின் பளபளக்கும் பாகங்கள் கண்ணில் படாதிருக்கக் கறுப்பு நாடா ஒட்டிக்கொண்டவர் அவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவரும் அவரே. நியூயார்க் தெருக்களில் படம் எடுத்த கேரி வினோகிராண்ட் கார்த்தியே-பிரெஸ்ஸோனுக்கு நேர்மாறானவர். 28 மில்லிமீட்டர் லென்ஸுடன் கூட்டத்துக்குள்ளேயே புகுந்துவிடுவார். ஒருவர் விலகி நின்று தருணத்துக்காகக் காத்திருந்தார், மற்றவர் நெரிசலோடு நெரிசலாக நடந்தார். லென்ஸ்கள் வேறுபட்டதற்குக் காரணம் இந்த இயல்புதான்.

பயணத்தில் மனிதர்களோடு கட்டடங்களும் வருகின்றன. மதுரைத் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 50 மீட்டர். அதை முழுதாக எடுக்க 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சுமார் 70 மீட்டர் பின்னால் போக வேண்டும், 28-க்கு 40 மீட்டர் போதும். பழைய ஊர்களின் குறுகிய தெருக்களில் இந்த 30 மீட்டர் பெரிய வித்தியாசம். ஆனால் 28-இல் சட்டத்துக்குள் எல்லாம் வந்துவிடுவதால், குப்பைத்தொட்டியும் மின்கம்பியும் சேர்ந்தே வரும். எதை விடுவது என்று தெரியாத தொடக்கக்காரரின் படங்கள் அதில் சிதறிப்போகும். ஒரே லென்ஸோடு கிளம்புகிறவருக்கு 35 அல்லது 40 மில்லிமீட்டரே சிறந்த தேர்வு. சென்சாரின் மூலைவிட்டம் 43 மில்லிமீட்டர். அதற்கு நெருங்கிய 40 அகலமாகவும் தோன்றாது, குறுகலாகவும் தோன்றாது. இரண்டு லென்ஸ் வைத்துக்கொள்ள மனமிருந்தால் 28-ம் 50-ம் நல்ல ஜோடி.

எது தனக்குப் பொருந்தும் என்று அறியப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஏபிஎஸ்-சி கேமராவுடன் வரும் 18-55 கிட் லென்ஸை ஒரு வாரம் 23-இலேயே நிறுத்தி வைத்துப் படம் எடுக்கலாம். அடுத்த வாரம் 35-இல். சேமித்த படங்களின் விவரக் குறிப்பில் குவியத்தூரம் பதிவாகியிருக்கும். பிடித்த படங்கள் எந்த எண்ணைச் சுற்றிக் கூடுகின்றன என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது பருமன். பிம்பத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடி பொருத்திய பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே அந்தக் கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டும். கேனனின் பழைய இஎஃப் கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரை 44 மில்லிமீட்டர். அவ்வளவு தள்ளியிருந்து 28 மில்லிமீட்டர் லென்ஸ் பிம்பத்தை விழச் செய்ய லென்ஸுக்குள் கூடுதல் கண்ணாடி வில்லைகளும் நீண்ட குழலும் தேவைப்பட்டன. அந்தக் காலத்துப் பேன்கேக் லென்ஸ்கள், அதாவது தட்டை லென்ஸ்கள், பெரும்பாலும் 40 அல்லது 45 மில்லிமீட்டராகவே வந்ததன் காரணம் இதுதான். பென்டாக்ஸின் 1976-ஆம் ஆண்டு 40 மில்லிமீட்டர் லென்ஸ் வெறும் 18 மில்லிமீட்டர் தடிமன். கேனன் 2012-இல் வெளியிட்ட 40 மில்லிமீட்டர் லென்ஸ் 22.8 மில்லிமீட்டர் தடிமன், 130 கிராம் எடை. பிரதிபலிக்கும் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் அந்த இடைவெளி 20 மில்லிமீட்டருக்கோ அதற்கும் குறைவாகவோ சுருங்கியதும் அகல லென்ஸ்களும் மெலிந்தன. கேனனின் ஆர்எஃப் 28 மில்லிமீட்டர் 120 கிராம், நிக்கானின் 26 மில்லிமீட்டர் 125 கிராம். ஏபிஎஸ்-சி கேமராவில் 40 போலப் பார்க்கும் ஃபூஜிஃபில்மின் முதல் 27 மில்லிமீட்டர் 78 கிராம். ஒப்பிட்டுப் பார்க்க, கேனனின் 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பு 805 கிராம். காலை முதல் இருட்டும் வரை நடக்கிறவரின் கழுத்து இந்த வேறுபாட்டை நன்றாகவே உணரும். பெரிய லென்ஸைக் கண்டால் எதிரில் இருப்பவர்களின் முகமும் இறுகிவிடுகிறது.

மெலிந்ததற்கு விலை உண்டு. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்த நிலையில் படத்தின் மூலைகள் இருண்டும் மங்கியும் இருக்கும். கோடுகளின் வளைவைக் கேமராவின் மென்பொருள் நிமிர்த்திக் கொடுக்கும். எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்; எஃப் 5.6 வரை மூடினால் மூலைகளின் குறை பெரும்பாலும் மறையும். சிலவற்றில் உள்ளிருக்கும் கண்ணாடித் தொகுதி முழுவதும் நகர்ந்தே குவிய வேண்டியிருப்பதால் ஆட்டோஃபோக்கஸ் தாமதமாகவும் சத்தத்தோடும் நடக்கும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக்கான பானசோனிக்கின் 2009-ஆம் ஆண்டு 20 மில்லிமீட்டர் எஃப் 1.7 லென்ஸ் அருமையான படம் தருவது, ஆனால் இந்தத் தாமதம் அதற்கு உண்டு.

வெளிச்சத்தின் கணக்கு மாலையில்தான் உறைக்கும். எஃப் 2.8-இலிருந்து எஃப் 2-க்குத் திறந்தால் உள்ளே வரும் ஒளி இரண்டு மடங்கு. எஃப் 5.6-இலிருந்து எஃப் 2-க்கு என்றால் எட்டு மடங்கு. சுருங்கி மடியும் சிறு ஜூம் லென்ஸ்கள் பயணத்துக்கு வசதியானவை. அதே வகைக்கான பானசோனிக்கின் 12-32 வெறும் 70 கிராம். ஆனால் நீட்டிய நிலையில் அவற்றின் துளை எஃப் 5.6 அளவே திறக்கும். கடைத்தெரு விளக்கொளியில் எஃப் 2 லென்ஸ் நொடியில் 250-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுக்கும் காட்சியை, அதே ஐஎஸ்ஓ-வில் இந்த ஜூம் 30-இல் ஒரு பங்கில்தான் எடுக்க முடியும். நடப்பவர்கள் அதில் கலங்கிப்போவார்கள். லென்ஸில் உள்ள அசைவுத் தடுப்பு கை நடுக்கத்தை மட்டுமே சரி செய்யும், தெருவில் நடப்பவரை நிறுத்தி வைக்காது. பகலில் மட்டும் படம் எடுப்பவருக்கு எஃப் 2.8 தாராளமாகப் போதும். இரவுச் சந்தைகளை விரும்புகிறவர் சற்றுப் பருமனானாலும் எஃப் 2 லென்ஸையே எடுக்க வேண்டும். எஃப் 1.4 வரை போனால் லென்ஸ் பெரும்பாலும் பெரிதாகிவிடும், சிறியதைத் தேடிய நோக்கமே போய்விடும்.

பகல் வெளிச்சத்தில் ஆட்டோஃபோக்கஸே தேவையில்லாத ஒரு வழி உண்டு. 28 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஃபோக்கஸை 3.3 மீட்டரில் நிறுத்தினால், ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஃபோக்கஸ் தூரத்தை அதற்கேற்பத் தள்ளி வைத்தாலும் 35-இல் இது இரண்டரை மீட்டரிலிருந்தும், 50-இல் ஐந்து மீட்டருக்கு அப்பாலிருந்தும்தான் தொடங்கும். இதற்கு லென்ஸின் மீது தூர அளவு பொறித்திருப்பது நல்லது. வோக்ட்லாண்டரின் கைமுறை லென்ஸ்களில் அது உண்டு. புதிய ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ்கள் பலவற்றில் இல்லை, கேமராவின் திரையில்தான் தேட வேண்டும்.

கடைசியாக, வாங்குவதும் காப்பதும். மழையிலும் தூசியிலும் அலைகிறவருக்கு நீர் புகாத் தடுப்பு உதவும், ஆனால் கேமரா உடலிலும் அது இருந்தால்தான் பயன். பழைய லென்ஸ் வாங்குகிறவர் டார்ச் ஒளியைப் பின்புறத்திலிருந்து செலுத்தி முன்புறமாகப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது எளிதில் பிடிக்கும், பூச்சை அரித்தபின் துடைத்தாலும் தடம் போகாது. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைப்பது பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு வைத்து, ஜெல் நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்திக்கொண்டால் போதும்.