நத்தார் மரமும் வீட்டு நாயும்



மலைநாட்டின் சரித்திரத்தில் 1848 ஆம் ஆண்டு ஒரு வேடிக்கையான ஆண்டு. அவ்வாண்டிலேதான் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஒரு குடியேற்றத்தை உண்டாக்க முற்பட்டார். அவர் கப்பலேற்றிக் கொணர்ந்தவற்றுள் கலப்பையும் கால்நடையும் மட்டுமன்றி, ஒரு கூட்டம் வேட்டை நாய்களும் இருந்தன. அதே ஆண்டு மார்கழியில் இலண்டன் நகரத்து வாரப் பத்திரிகையொன்று, விக்டோரியா மகாராணியார் தம் கணவரோடும் மக்களோடும் அலங்கரித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டது. அப்படத்தைக் கண்டபின்பே ஆங்கில நாட்டுச் சாதாரண வீடுகளிலும் நத்தார் மரம் நாட்டும் வழக்கம் பெருகிற்று. ஆகவே, நாய் மலையேறிய ஆண்டும் மரம் புகழேறிய ஆண்டும் ஒன்றே எனலாம்.

பின்னர் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. துரைமாரின் பங்களாக்களில் நின்ற மரம், காலப்போக்கில் ஆலயங்களுக்கும் லயத்துக் காம்பராக்களுக்கும் வந்து சேர்ந்தது. நாய் அங்கே அதற்கு முன்பே குடியிருந்தது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்க நேரும்போது எது எதற்கு இடம் விடுவது என்பதே கேள்வி. பல வீடுகளில் இதற்கு விடை மிக எளிதாகக் கூறப்படுகின்றது: ‘‘பண்டிகை முடியும்வரை நாயை வெளியே கட்டிவிடு’’ என்பார்கள். மலைநாட்டைப் பொறுத்தவரை இவ்விடை தவறானது மட்டுமன்று, கொடியதுமாகும்.

ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை முதலிய இடங்களில் தேயிலைக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் இடையே சிறுத்தைகள் வாழ்கின்றன. இது பாட்டிமார் கதையன்று. வன விலங்கு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கமராக்களை வைத்துக் கண்டறிந்த உண்மை. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் பிழைக்காது போன செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. சிறுத்தை மனிதரைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். ஆனால் சங்கிலியிற் கட்டுண்ட நாய் அதற்கு ஓடியும் பிடிக்க வேண்டாத இரை. அதனோடு மார்கழிக் குளிரையும் எண்ண வேண்டும். ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படியும் விடியல்களும் உண்டு. அடுப்படியிற் சுருண்டு படுத்துப் பழகிய நாயை, காகித நட்சத்திரங்களைக் காப்பாற்றும் பொருட்டு அவ்விருளில் நிறுத்துவது எவ்வகையில் நியாயமாகும்? நாய் உள்ளேயே இருக்கட்டும். மரமே அதற்கேற்ப அமையட்டும்.

மரத்தைத் தெரிவதில் மலைநாட்டார் பாக்கியசாலிகள். 1861 ஆம் ஆண்டிற் சிங்கோனாப் பயிருக்கென ஆரம்பிக்கப்பட்ட ஹக்கலைத் தாவரத் தோட்டத்திலே, கலிபோர்னியாவிலிருந்து வந்த சைப்பிரஸ் மரங்கள் ஓங்கி வளர்ந்து நிற்பதைக் கண்டவர் பலர். அவ்வினத்து மரங்கள் இன்று வேலியோரங்களிலும் தேவாலய வளவுகளிலும் சாதாரணமாகக் காணப்படுகின்றன. ஒரு கிளையை வெட்டி வாளியில் நாட்டினாற் போதும், வீடு முழுவதும் மணக்கும். வெட்டுவதற்கு முன் தோட்ட நிருவாகத்தின் அனுமதியைப் பெறுவது முறை. அரசாங்க வனத்திலே அனுமதியின்றி வெட்டுவது சட்டப்படி குற்றம்.

ஆயினும், நாயுள்ள வீட்டுக்குப் பாதையோரத்துக் கிளை உகந்ததன்று. ஊர் நாய்களெல்லாம் காலைத் தூக்கி அடையாளம் இட்டுச் சென்ற வேலியின் கிளையை நடு வீட்டில் நாட்டினால், வீட்டு நாய் அதற்குப் பதில் எழுதாமல் இராது. அவ்வாறு எழுதிய நாயை அடிப்பது வீண். மரம் என்றால் எதற்கு என்பது அதற்குத் தெரியும், மனிதர்தாம் அதன் பொருளை மாற்றிவிட்டார்கள். உயரத்திலுள்ள கிளையை வெட்டி, அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி உள்ளே கொணர்வது நல்லது.

வெட்டிய கிளையினும் சாடியில் வளர்த்த அரக்கேரியாக் கன்று பன்மடங்கு மேலானது. மண் நிரம்பிய சாடியின் பாரம் கீழே இருப்பதால், நாய் உராய்ந்தாலும் மரம் எளிதிற் சாயாது. அதன் கிளைகள் தட்டுத் தட்டாக இடைவெளி விட்டு வளர்வதால், கீழ்த் தட்டை வெறுமையாக விட்டு மேல் தட்டுகளை மட்டும் அலங்கரிக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: அதன் தலைக்குருத்தை ஒடித்தால் பழைய அழகு திரும்பாது, பக்கக் கிளையை ஒடித்து நட்டாலோ அது நிமிர்ந்த மரமாகாமல் பக்கவாட்டிலேயே படரும். ஆகவே கன்றை வாங்கியவர் அதனைக் காப்பாற்றி ஆண்டுதோறும் பயன்படுத்துவதே சிக்கனம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மரத்துக்கு எங்கே இடம் என்று கேட்கலாம். இஸ்தோப்பிலிருந்து அடுப்படிக்கு நாய் செல்லும் பாதை ஒன்று எல்லா வீடுகளிலும் உண்டு. அப்பாதையில் மரத்தை வைப்பவர் அது விழுவதற்கு நாள் குறித்தவராவார். மூலையிலே, மேசையின்மேலோ உறுதியான பெட்டியின்மேலோ இரண்டடி மரம் ஒன்று நின்றால் போதாதா? ஆறடி மரம்தான் பண்டிகைக்கு அழகு என்பது பங்களாக்களின் உயர்ந்த கூரைக்குக் கீழே பிறந்த எண்ணம். மரத்தைக் கொணர்ந்ததும் அன்றே அலங்கரிக்காமல் இரண்டு நாட்கள் வெறுமனே விட்டு வைப்பது நன்று. நாய் முகர்ந்து, சுற்றி வந்து, இறுதியில் சலித்துப் போகும். வாளித் தண்ணீரை அது குடியாதபடி பலகையால் மூடிவிடுவதும் அவசியம். தேங்கிய நீரும் ஊசியிலைகளும் வயிற்றைக் கெடுக்கக் கூடியவை.

இனி அலங்காரம். நாயின் கண் மஞ்சளையும் நீலத்தையும் நன்கு அறியும். சிவப்பையும் பச்சையையும் தெளிவாகப் பிரித்தறியாது. ஆகவே பச்சை மரத்திலே தொங்கும் சிவப்பு உருண்டையின் நிறம் நாயை அழைக்கின்றது என்று எண்ண வேண்டுவதில்லை. அது ஆடுவதே அழைக்கின்றது. கதவைத் திறந்ததும் வீசும் காற்றில் ஊசலாடும் பொருளெதுவும் நாய்க் குட்டிக்கு ஓர் எலியாகும். கண்ணாடி உருண்டைகளையும் கம்பிக் கொளுக்கிகளையும் ஒதுக்கிவிட்டு, காகிதப் பூக்களையும் துணிப் பொம்மைகளையும் நாய்க்கு எட்டாத உயரத்தில், ஆடாதபடி கிளையோடு இறுக்கிக் கட்டுவதே தகும்.

பனியைக் காட்டுவதற்காகக் கிளைகளின்மேல் பஞ்சை ஒட்டும் வழக்கம் எங்கும் உள்ளது. உண்மையான உறைபனி வாசலிலேயே விழும் ஊரில் பஞ்சு எதற்கு என்பது ஒருபுறமிருக்க, நாய் விழுங்கிய பஞ்சு குடலை அடைத்துக்கொள்ளும். அதனினும் பொல்லாதது மினுமினுக்கும் சரிகைத் தாள் நாடா. நீண்ட நாடாவின் ஒரு முனை வயிற்றில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலில் இழுபட, குடல் சுருக்குப் பையைப் போலச் சுருங்கி அறுபடும். நாயின் வாயிலோ பின்புறத்திலோ நாடாவின் நுனி தெரிந்தால் அதைப் பிடித்து இழுக்கலாகாது; மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதே வழி.

விளக்கைப்பற்றியும் சிறிது கூற வேண்டும். 1882 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து எட்வர்ட் ஜோன்சன் எண்பது மின்குமிழ்களைத் தம் வீட்டு மரத்தில் எரியவிடும்வரை மெழுகுதிரியே வழக்கமாயிருந்தது. லயத்தில் மெழுகுதிரியை மரத்தில் ஏற்றவே கூடாது. நாயின் வால் ஒரு முறை ஆடினாற் போதும். வரிசை வீடுகள் யாவும் ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு காம்பராவில் பற்றிய தீ அயலார் காம்பராக்களையும் கொண்டுபோகும். மின்விளக்குக் கம்பியும் தரையில் கிடக்கலாகாது, குட்டி நாய் அதைக் கடித்துப் பார்க்கும். சுவரோரமாக உயர்த்திக் கட்டி, படுக்கைக்குப் போகுமுன் கழற்றிவிட வேண்டும்.

மரத்தடியில் வைக்கும் பரிசுப் பொதிகளில் உணவு எதுவும் இருத்தலாகாது. காகிதத்தைக் கண் காணாவிட்டாலும் உள்ளிருப்பதை மூக்குக் கண்டுவிடும். சொக்கலேற்றிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை மனித உடல் விரைவிற் கழித்துவிடும். நாயின் உடல் மிக மெதுவாகவே கழிக்கும், அதனால் இருதயம் படபடத்து வலிப்பும் வரலாம். நத்தார்க் கேக்கோ இன்னும் ஆபத்தானது. கடைகளில் பிளம்ஸ் என்று கேட்டு வாங்கும் உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ய வல்லது. நெடுங்காலம் இதன் காரணம் விளங்காதிருந்தது. 2021 ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்திய நிபுணர்கள், திராட்சையிலுள்ள தார்த்தாரிக் அமிலமே காரணமாயிருக்கலாம் என எடுத்துக் காட்டினார்கள். புளியிலும் அவ்வமிலமே மிகுந்துள்ளது என்பதைத் தமிழ்ச் சமையலறைகள் கவனிக்க வேண்டும். பண்டிகை விருந்தின் எலும்புகளோடு புளிக்குழம்பை வழித்து நாய்க்கு ஊற்றுவது அன்பாகாது. செவ்விலைகளோடு மார்கழியிற் காட்சிதரும் பாயின்செட்டியாவுக்கு மட்டும் அளவுக்கு மிஞ்சிய கெட்ட பெயர். அதன் பால் வாயை எரிக்கும், வாந்தியும் வரலாம், உயிரைப் போக்குவது அரிது.

நத்தார் இரவின் வெடிச்சத்தமே இறுதிச் சோதனை. நள்ளிரவு ஆராதனைக்கு வீட்டார் போகும்போது, நாயை மரமுள்ள அறையில் தனியே அடைத்துவிட்டுப் போவது சரியன்று. வெடி கேட்ட நாய் மேசைக்கடியிலும் மரத்துக்கடியிலும் புகும், கதவு திறந்திருந்தால் தேயிலைக்குள் ஓடும். அன்றிரவு அதற்கு அடுப்படியே உரிய இடம்: பழைய சாக்கு ஒன்று, ஒரு கிண்ணம் தண்ணீர், பூட்டிய கதவு, இயன்றால் வீட்டில் ஒருவர் துணை. பிரதேச அரசாங்க மிருக வைத்திய அலுவலகம் விடுமுறையில் எப்போது திறந்திருக்கும் என்பதை 24 ஆந் திகதிக்கு முன்பே விசாரித்துச் சுவரில் எழுதி வைப்பது நல்லது. மலைப்பாதையில் வாகனம் கிடைக்காத இரவிலேதான் நாய்கள் கேக்கைத் தின்கின்றன.

தை 6 ஆந் திகதி மரத்தைக் கலைக்கும்போது தரையை இருமுறை கூட்ட வேண்டும். ஊசியிலைகள் பாயின் இடுக்கில் கிடக்கும், விழுந்த கொளுக்கிகள் பலகைச் சந்தில் கிடக்கும். சைப்பிரஸ் கிளை காய்ந்தபின் அடுப்புக்குப் போகும். அரக்கேரியாச் சாடி இஸ்தோப்பின் ஓரத்துக்குத் திரும்பும். அங்கே அதைச் சுற்றி மூன்று கல்லை அடுக்கி வைத்தால், நாய் வேறு மரத்தைத் தேடிக்கொள்ளும்.