வாவியின் சாட்சிகள்

1999ஆம் ஆண்டில் கண்டி வாவி பச்சைப் படலம் போர்த்தபோது, அதன் கேட்டை வழிப்போக்கரும் அறிந்தனர். மைக்குரோசிசுற்றிசு என்னும் நீலப்பச்சை அல்கா அங்கே பெருகியிருந்தது. அவ்வாறு கண்ணுக்குப் புலனாகுமுன்னரே நீரின் கேட்டை அறிய வழியுண்டா?

உண்டு. நீரில் மிதந்து அலையும் நுண்ணுயிர்களைப் பிளாந்தன்கள் என்பர். இரசாயனச் சோதனை, நீரை அள்ளிய அவ்வேளையின் நிலையைக் கூறும். பிளாந்தன் கூட்டமோ, சென்ற பல நாட்களாக அந்நீரில் எவை வாழ முடிந்தன என்பதற்குச் சாட்சி பகரும்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரை அடுத்துள்ள வாஷிங்டன் வாவியில், 1955ஆம் ஆண்டு ஒசிலற்றோரியா ருபெசென்சு என்னும் இழைவடிவ அல்கா காணப்பட்டது. வாவியை ஆராய்ந்துவந்த பேராசிரியர் எட்மன்சன் அதன் பொருளை உணர்ந்தார். சுவிற்சலாந்தின் சூரிச்சு வாவி கெடத் தொடங்கிய காலத்தில் அங்கே தோன்றியதும் இதே அல்காவன்றோ! கரையோர ஊர்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டே வாவியிற் கலந்தது. ஆயினும் அச்சுத்திகரிப்பு பொசுபரசை நீக்கவில்லை. அதுவே அல்காவுக்கு உரமாயிற்று.

கழிவுநீரை வேறு திசையிற் கொண்டுசெல்லப் பெரும்பொருள் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் மக்களே. 1958 மார்ச்சு வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது. அதனைச் சுருக்கிச் செப்டெம்பரில் மீண்டும் முன்வைத்தபோது மக்கள் இசைந்தனர். வாவி முற்றாகக் கெடுமுன்னே அவர்கள் இதற்கு உடன்பட்டமை என் மனத்தில் மிக உயர்ந்து நிற்கிறது. 1963 தொடக்கம் 1968 வரை கழிவுநீர் படிப்படியாக விலக்கப்பட்டது.

தெளிவை அளக்க ஒரு வட்டத்தட்டைக் கயிற்றிற் கட்டி நீரில் இறக்குவர். 1963ஆம் ஆண்டுக் கோடையில் அத்தட்டு ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆழத்திலேயே மறைந்தது. கழிவுநீர் நின்றபின் தெளிவு வளர்ந்தது. 1976இல் எதிர்பாராத அளவுக்குப் பெருகியது. அவ்வாண்டில் தப்னியா என்னும் சின்னஞ்சிறு விலங்கு வாவியில் மிகுந்தது. நீரை வடித்து அல்காவை உண்பது அதன் தொழில்.

தப்னியா மிகுந்ததற்குத் தூய்மை மட்டுமே காரணமன்று. அதன் வடிகட்டும் உறுப்புகளை இடர்ப்படுத்திய ஒசிலற்றோரியா இழைகள் அருகின. அதனை உண்ணும் நியோமைசிசு என்னும் இறால் போன்ற உயிரியும் முன்னரே குறைந்திருந்தது. ஆகவே ஓர் இனத்தை மட்டும் எண்ணி நீரின் தரத்தைத் தீர்ப்பது அவசரச் செயலாகும். எவை உள்ளன, எவை மறைந்தன, எதனை எது உண்கிறது என்பவற்றை ஆண்டுதோறும் குறித்துவைத்தவருக்கே இச்சாட்சியம் விளங்கும்.