வரி மறுத்த ஊர்

(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாலத்தீன மக்கள் 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய தம் எழுச்சிக்கு இட்டுக்கொண்ட பெயர் 'இன்திபாதா' என்பது. அரபு மொழியில் அச்சொல்லுக்கு 'உதறுதல்' என்று பொருள். மேலே படிந்த புழுதியை உதறித் தள்ளுவதுபோல் தம்மேல் படிந்த அயலாட்சியை உதறித் தள்ளுதல் என்பதே அதன் கருத்து. புழுதி தானாக உதிர்வதில்லை. மழை வந்து கழுவட்டும் என்று காத்திருப்பவன் உதறுபவன் ஆகான். தன் கையால், தன் உடலை அசைத்து, தானே செய்துகொள்ள வேண்டிய வினை அது. விடுதலை என்பது யாது என்னும் வினாவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே விடை இருக்கின்றது.

அந்தப் புழுதி படிந்த வரலாற்றைச் சுருங்கக் காண்க. 1917 நவம்பர் 2-ஆம் நாள் பிரித்தானிய அயலுறவு அமைச்சர் பால்பர் எழுதிய மடல், பாலத்தீனத்தில் யூதர்க்குத் தாயகம் அமைய உதவுவதாக உறுதி கூறியது. அந்நிலத்தில் பெரும்பான்மையராய் வாழ்ந்த அரபு மக்களை அம்மடல் பெயர் சொல்லியும் அழைக்கவில்லை. 'யூதர் அல்லாதார்' என்றே சுட்டியது. சொந்த மண்ணிலேயே பிறர் அல்லாதவர் என்று பெயர் பெறுவதினும் பெரிய இழிவு வேறு உண்டோ? 1948-இல் இசுரேல் அமைந்தபோது ஏறத்தாழ 7 இலக்கம் பாலத்தீனர் ஊரும் வீடும் இழந்தனர். நானூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் ஆளற்றுப் போயின. 1967 சூன் போரில் மேற்குக்கரையும் காசாவும் கிழக்கு எருசலேமும் இசுரேலியப் படையின் கைக்குள் சென்றன. அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்து, 1987 திசம்பர் 8-ஆம் நாள், காசாவில் இசுரேலியச் சரக்குந்து ஒன்று மோதித் தொழிலாளர் நால்வர் மாண்டனர். மறுநாள் சபாலியா ஏதிலியர் முகாம் கொதித்தெழுந்தது. அத்தீ மேற்குக்கரை முழுதும் பரவியது.

அவ்வெழுச்சியைப் பற்றிப் பேசுவோர் கல்லெறிந்த சிறுவர்களைப் பற்றியே பேசுவர். கல்லினும் வலிய ஒன்றைக் கையிலெடுத்த ஓர் ஊரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவ்வூரின் பெயர் பெய்த் சாகூர்.

ஊர் தன்னைத் தானே ஆண்டது

பெத்லகேமுக்குக் கிழக்கே, அதனை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் அது. மக்களுட் பெரும்பாலோர் கிறித்தவர். முசுலீம்களும் உடன் வாழ்கின்றனர். கடை வைத்திருப்போர், கைத்தொழில் செய்வோர், ஆசிரியர், மருந்தாளர் எனப் படித்தோரும் உழைப்போரும் கலந்த ஊர்.

எழுச்சி தொடங்கியதும் அவ்வூரார் தெருத்தோறும் மக்கள் குழுக்களை அமைத்தனர். படையினர் பள்ளிகளை மூடியபோது வீட்டுக் கூடங்களிலே பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. இசுரேலியப் பொருள்களை வாங்குவதில்லை என்று உறுதி பூண்டதும், வீட்டுக் கொல்லைகளிலே காய்கறி பயிரிட்டனர், கோழி வளர்த்தனர். பெத்லகேம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அறிஞர் சாத் ஐசக்கு முதலானோர் விதையும் நாற்றும் விற்கும் நிலையம் ஒன்றை நடத்தினர். விதை விற்ற அந்தக் குற்றத்திற்காக அவரை உசாவலின்றிச் சிறையிலடைத்தது படையாட்சி.

பாலுக்கும் பிறரை நம்பலாகாது என்று 18 கறவை மாடுகளை வாங்கினர். அவை ஊர்ப்பிள்ளைகளுக்குப் பால் தந்தன. வானூர்தியும் கவச ஊர்தியும் உடைய அரசுக்கு அந்தப் பதினெட்டு மாடுகளும் பகையாகத் தோன்றின! பண்ணையை மூடுமாறு ஆணை பிறந்தது. ஊரார் மாடுகளை ஒளித்து வைத்தனர். படையினர் அவற்றைத் தேடி அலைந்தனர். இக்கதை 2014-இல் திரைப்படமாகவும் வந்துள்ளது. கேட்போர் நகைப்பர். ஆயினும், எண்ணிப் பாருங்கள்: அயலாட்சி அஞ்சியது மாட்டுக்கு அன்று. தம் பாலைத் தாமே கறந்துகொள்ளும் மக்கள், நாளை தம் முறைமன்றத்தையும் தாமே நடத்துவர் என்னும் உண்மைக்கே அது அஞ்சியது. ஆகலின்தான் 1988 ஆகத்தில் மக்கள் குழுக்கள் அனைத்தும் சட்டத்திற்குப் புறம்பானவை என்று அறிவிக்கப்பட்டன.

வரியும் விலங்கும்

பெய்த் சாகூர் அதனினும் ஓர் அடி மேலே சென்றது. தம் சார்பாளர் இல்லாத ஆட்சிக்குத் தாம் வரி செலுத்துவதில்லை என்று ஊரே உறுதி பூண்டது. இது வெறும் சினத்தில் எழுந்த முடிவன்று. அதற்குச் சட்ட அடிப்படையும் இருந்தது. கைப்பற்றப்பட்ட நிலத்தில் முன்பிருந்த வரிகளைத் தண்டலாம். அவ்வாறு தண்டும் பணத்தை அந்நிலத்தின் ஆட்சிச் செலவுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது 1907-ஆம் ஆண்டின் ஏகு உடன்பாட்டு விதி. இசுரேலோ 1976-இல் மதிப்புக் கூட்டு வரி என்னும் புதுவரியைப் பாலத்தீனர்மேல் சுமத்தியது. 'எம் பணத்தைக் கொண்டே எமக்கு விலங்கு வாங்குகின்றனர். அவ்விலங்கின் விலையை யாம் கொடோம்' என்பதே ஊராரின் நிலைப்பாடு.

வரி மறுத்தோர் சிறைப்பட்டனர். 1988 சூலையில் நூற்றுக்கணக்கானோர் படையாட்சி கொடுத்த அடையாள அட்டைகளைத் திருப்பி ஒப்படைத்தனர். அவ்வட்டையின்றி வேலைக்குச் செல்லுதல் அரிது. வழிச்சாவடியைக் கடத்தல் அரிது. அறிந்தே அதனைத் துறந்தனர்.

1989 செபுதம்பரில் படை ஊரைச் சுற்றி வளைத்தது. ஏறத்தாழ ஆறு கிழமைகள் முற்றுகை நீடித்தது. தொலைப்பேசித் தொடர்பு அறுக்கப்பட்டது. கடைகளிலிருந்து சரக்குகளும், பட்டறைகளிலிருந்து பொறிகளும், வீடுகளிலிருந்து தட்டுமுட்டுகளும் உந்துகளில் ஏற்றப்பட்டன. மருந்துக்கடைகளும் தப்பவில்லை. கொண்டுசென்றவை வரிக்கு ஈடாக ஏலம் விடப்பட்டன. கண்முன்னே வாழ்நாள் உழைப்பு ஏற்றப்பட்டபோதும், வரி கட்டி அதனை மீட்டுக்கொள்ள ஊர் முன்வரவில்லை.

பார்க்கச் சென்ற ஐரோப்பிய நாட்டுத் துணைத்தூதுவர்களைப் படை வழிமறித்துத் திருப்பியது. 1989 நவம்பரில் இச்செயலைக் கடிந்துரைக்கும் தீர்மானம் ஒன்றிய நாடுகளின் பாதுகாப்பு அவைக்கு வந்தது. அவையில் 14 நாடுகள் அதனை ஏற்றன. அமெரிக்கா ஒன்று மட்டும் தன் தடுப்புரிமையால் அதனை வீழ்த்தியது.

துணைநிற்றல் என்பது

அரசுகள் கைவிட்ட இடத்தில் மக்கள் கைகொடுத்தனர். இசுரேலிய யூதர் சிலர், தம் அரசின் சினத்தைப் பொருட்படுத்தாது, அவ்வூர் வீடுகளில் விருந்தினராய்த் தங்கி உண்டனர். 1989 திசம்பரில், கிறித்து பிறப்பு விழாவுக்கு முன்னாள், தென்னாப்பிரிக்கப் பேராயர் தெசுமண்டு தூட்டு அவ்வூர் இடையர் வயலுக்கு வந்து அம்மக்களோடு நின்றார். கருப்பின மக்களின் துயரை அறிந்தவர்க்குப் பாலத்தீனர் துயர் புதிதாய்ப் படவில்லை. துன்புற்றவன் தன் துன்பத்தை மட்டும் எண்ணி அழுதால் அது புலம்பல். பிறன் துன்பத்திலும் அதனை அடையாளம் கண்டால் அதுவே தோழமை.

2001-இல் அனைத்துநாட்டுத் தோழமை இயக்கம் தோன்றியபோது அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர் பெய்த் சாகூரின் வரி மறுப்பில் பங்கு கொண்ட காசான் அந்தோணி. வேற்று நாட்டார் வந்து வழிநடத்தலாகாது; பாலத்தீனர் முடிவு செய்ய, வந்தோர் உடன்நிற்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் நெறி. அந்நெறியில் சென்ற அமெரிக்க இளம்பெண் இரேச்சல் கோரி, 2003 மார்ச்சு 16-ஆம் நாள், இரபாவில் வீடிடிப்பைத் தடுக்க நின்று இசுரேலியப் படையின் இடிபொறியால் நசுக்கப்பட்டு மாண்டார். 2005 சூலையில் பாலத்தீன மக்கள் அமைப்புகள் 170-க்கு மேற்பட்டவை உலக மக்களிடம் வேண்டியதும் இசுரேலின் பொருள்களைப் புறக்கணிக்கும் அறப்போரையே. பெய்த் சாகூர் தொடங்கிய மறுப்பை உலகம் தொடரவேண்டும் என்பதே அதன் பொருள்.

முடியாத கணக்கு

பெய்த் சாகூர் வென்றதா? 1993-இல் ஆசுலோ உடன்பாடு வந்தது. 1994-இல் பாரிசில் கையெழுத்தான பொருளியல் ஒப்பந்தப்படி, பாலத்தீனர் இறக்குமதிக்குச் செலுத்தும் தீர்வைகளை இசுரேலே தண்டி, நூற்றுக்கு மூன்று கூலி எடுத்துக்கொண்டு, எஞ்சியதைப் பாலத்தீன ஆட்சிக்குக் கொடுக்கும். வேண்டாதபோது கொடாது நிறுத்தியும் வைக்கும். பன்முறை நிறுத்தி வைத்ததும் உண்டு. ஓர் ஊர் உடைமை இழந்து மறுத்த ஒன்றை, தலைவர்கள் ஓர் ஒப்பத்தால் ஏற்றுக்கொண்டனர். கொடியும் ஆட்சி அலுவலகமும் கிடைத்தன. பணப்பெட்டியின் திறவுகோல் கிடைக்கவில்லை.

அதன்பின் நேர்ந்தவை உலகறிந்தவை. 2023 அக்தோபர் 7-ஆம் நாள் அமாசு படையினர் இசுரேலுக்குள் புகுந்தனர். அத்தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பொதுமக்கள். தொடர்ந்து காசாவின்மேல் இசுரேல் நடத்திய போரில், காசா நலத்துறைக் கணக்கின்படி, 2025 நடுவிற்குள் மாண்டோர் 60 ஆயிரத்தைக் கடந்தனர். குழந்தையைக் கொல்லுதலுக்கு எந்த விடுதலையும் பெயர் கொடாது. எந்தப் பாதுகாப்பும் பெயர் கொடாது. இப்பிணக்காட்டின் நடுவே, ஓர் உயிரையும் கொல்லாமல் ஒரு பேரரசைத் திணற வைத்த சிற்றூரின் நினைவு மங்கிவிடலாகாது.

உடன்பிறப்புகளே! இந்திய அரசு 1988 நவம்பரில் பாலத்தீன அரசை ஏற்றது. 1992-இல் இசுரேலோடு முழுத் தூதுறவும் கொண்டது. அரசுகள் காற்றுக்கேற்பத் திரும்பும். மக்கள் திரும்பலாகாது. எந்தப் பொருளை வாங்குகிறோம் என்னும் சிறுவினையிலும், எந்தச் செய்தியை நம்புகிறோம் என்னும் தெளிவிலும் தோழமை தொடங்குகின்றது. விடுதலை வந்தபின் ஆளக் கற்றுக்கொள்ளலாம் என்று பெய்த் சாகூர் காத்திருக்கவில்லை. கொல்லையில் விதை ஊன்றிய அன்றே அவ்வூர் தன்னை ஆளத் தொடங்கியது. அவ்விதையைப் பறிக்க எந்தப் படையாலும் இயலவில்லை.

வெல்க மக்கள் விடுதலை!