பிள்ளை வளர்க்கும் கைக்கு உரிய கூலி



எனக்கு முன் பேசியவர்கள், இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகத்தால் படித்து முன்னேறியவர்களைப் பற்றிச் சொன்னார்கள். கேட்கப் பெருமையாக இருந்தது. நான் வேறொருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் நம் வீடுகளில் பகலெல்லாம் குழந்தையை இடுப்பில் சுமப்பவர் யார்? பெரும்பாலும் நம் தெருவைச் சேர்ந்த ஓர் அத்தையோ சின்னம்மாவோதான். அவருடைய வேலைநேரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் முதல்நாளே பேசி முடிவு செய்திருக்கிறோம்?

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, உறவுமுறையில் எனக்கு அத்தையாகும் ஒருவர் அவனைப் பார்த்துக்கொள்ள வந்தார். நேரமும் பேசவில்லை, சம்பளமும் சரியாகப் பேசவில்லை. "நம் வீட்டுப் பிள்ளைதானே" என்றேன். அவரும் சிரித்தார். காலை எட்டு மணிக்கு வருவார். நான் மாலையில் தனிவகுப்பு முடித்துத் திரும்ப ஏழாகும்; சில நாள் அதற்கு மேலும் ஆகும். நாளடைவில் பாத்திரம் சேர்ந்தது, துணி சேர்ந்தது, மாவரைப்பது சேர்ந்தது. மூன்று ஆண்டுகளில் சம்பளம் மட்டும் சேரவில்லை. தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து என் மனச்சாட்சியை உறங்க வைத்தேன்.

ஒருநாள் அவர், "வாத்தியார் தம்பி, நாளையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன்" என்றார். எனக்கு அதிர்ச்சி. இருட்டோடு எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, மழையிலும் அட்டைக்கடியிலும் பாடுபடும் வேலை, என் வீட்டு வேலையைவிட மேலானதா என்று கேட்டேன். அவர் சொன்ன விடை: "அங்கே ஜீப்புக்கு ஒரு நேரம் இருக்கிறது, தம்பி. அது வந்துவிட்டால் என்னை யாரும் நிறுத்தி வைக்க முடியாது."

நிற்க. அந்த மலைக்கு அப்பால் 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்ததை இளைஞர்கள் அறிந்திருப்பீர்கள். மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், நம் மொழி பேசும் பெண்கள், பெரும்பாலும் நம்மைப்போல் ஒடுக்கப்பட்டவர்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டுத் தாங்களே சாலையில் அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். ஒன்பது நாள்களில், கேட்ட 20 விழுக்காட்டுத் தொகையைப் பெற்றார்கள். அடுத்த மாதம் 232 ரூபாய் நாள்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கேட்டது 500. ஆயினும் அவர்கள் வாய்திறந்த பிறகே அதுவும் கிடைத்தது. அங்கே ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்தார்கள். நம் வீட்டுக்குள் குழந்தையோடு இருக்கும் பெண் தனியொருத்தி. யாரோடு சேர்ந்து கேட்பாள்? அதிலும் உறவுக்காரி, கூலி கேட்டால் உறவு கெடும் என்று அஞ்சுவாள். ஆகவே அவள் கேட்கும்வரை காத்திருப்பது நியாயமன்று. பேச்சைத் தொடங்க வேண்டியவர் சம்பளம் கொடுப்பவர்தான்.

சட்டம் முழுத்துணையாக இல்லை என்பது உண்மை. வீட்டுப் பணியாளர்களுக்கு மதிப்பான பணிநிலை வேண்டும் என்று 2011இல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் ஏற்புறுதி அளிக்கவில்லை. இவர்களுக்கெனத் தனிச்சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மைய அரசுக்கு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொள்ள உதவுவது நம் இளைஞர்களுக்கு ஒரு மாலைப்பொழுது வேலை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்துறை உறுப்பினராக இருந்தார். 1946இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்றானது. ஏப்ரல் 14 அன்று அதைச் சொல்லி மேடையில் முழங்குகிறோம். முழங்கிவிட்டு வீடு திரும்பும்வரை நம் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி வாசலில் நிற்கிறாள்.

நான் கணக்காசிரியன் அல்லன். எனினும் ஒரு கணக்குப் போடுகிறேன். காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை பத்தரை மணி நேரம். மாதம் 26 நாள் என்றால் 273 மணி. சம்பளம் 6,000 ரூபாய் எனில் மணிக்கு 22 ரூபாய்கூட விழவில்லை. குழந்தை உறங்கும் நேரத்தைக் கழிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். தேர்வறையில் மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்க நாம் சும்மா நிற்கும் மூன்று மணி நேரத்துக்குச் சம்பளத்தைக் கழிக்கச் சம்மதிப்பீரா என்று நான் கேட்டேன். அதன்பின் அவர் பேசவில்லை.

திராட்சைத் தோட்டத்திலோ வயலிலோ அந்தப் பெண்ணுக்கு என்ன நாள்கூலி கிடைக்குமோ, அதற்குக் குறையாமல் பேச்சைத் தொடங்குங்கள். குழந்தையைப் பார்ப்பது வேறு, சமையலும் துணியும் வேறு. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் கொடுங்கள். பேருந்து தவறித் தாமதமானால் அந்த நேரத்துக்கும் கணக்குண்டு. நாம் விடுப்பில் வீட்டிலிருக்கும் நாள்களுக்கு அவர் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். நம் விடுப்பு அவர் குற்றமன்று. வேலைக்குச் செல்லும் தாய்மார்களே, நீங்களும் முதல்நாளே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

என் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் மாலை அத்தை வீட்டுக்குச் சென்றேன். தவற்றை ஒப்புக்கொண்டு, ஒரு தாளில் எழுதினோம். எட்டரை முதல் ஐந்தரை வரை, குழந்தை வேலை மட்டும், ஞாயிறு விடுமுறை, ஆண்டுதோறும் சம்பள உயர்வு. விட்டுப்போன மூன்றாண்டு உயர்வைத் தவணையில் தருவதாகவும் எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு, நம் கழகத்தின் மாலை வகுப்பில் படித்த அவர் மகள் அதை உரக்கப் படித்துக் காட்டினாள். முடித்ததும் நிமிர்ந்து, "சார், சித்திரைத் திருவிழாவுக்கு லீவு எழுதவில்லையே" என்றாள்.

அதையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.