ஆங்கில வகுப்பறையும் ஆசிரியர் குரலும்



தமிழ் இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றிய உரை எதற்கு என்னும் ஐயம் அவையில் சிலருக்கு எழக்கூடும். காலையில் வேப்பம்பட்டு நிலையத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியே அதற்கு விடை கூறும். அதில் ஏறும் இளைஞருள் பலர் பள்ளியில் பத்தாண்டுக் காலம் ஆங்கிலம் பயின்றவர்கள். எனினும், நேர்முகத் தேர்வில் தம்மைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்ல நேர்கையில் நா எழாமல் நிற்போரும் அவர்களுள் உண்டு. தம் பிள்ளைக்கு அந்நிலை வரலாகாதென்று அஞ்சும் பெற்றோர், தமிழ்வழி வகுப்பிலிருந்தே பிள்ளையை விலக்கிக்கொள்கின்றனர். ஆங்கிலப் பாடம் செவ்வனே நடவாமையால் முதலில் மெலிவது தமிழ்வழிக் கல்விதான். தமிழ்க் கவிதைக்கு நாளையும் வாசகர் வேண்டுமெனக் கருதுவோர் ஆங்கில வகுப்பையும் எட்டிப் பார்த்தாக வேண்டும்.

சீர்திருத்தங்களுக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை. 1950களில், இலக்கணமும் மொழிபெயர்ப்புமாக இருந்த பழைய முறையை விலக்கி, வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதாக வரிசைப்படுத்திப் பயிற்றும் பாடத்திட்டம் சென்னை மாநிலத்தில் புகுத்தப்பட்டது. அதன்பொருட்டு 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பெருமுயற்சியும் நடந்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் வழியே பலருக்கு. அப்பலர் வழியே எல்லோருக்கும் என்பது ஏற்பாடு. 1962இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஸ்மித் 'மதராஸ் பனிப்பந்து' என்று அதற்குத் தலைப்பிட்டார். பனியே காணாத ஊருக்கு வாய்த்த உவமை அது! பனிப்பந்து உருள உருளப் பெருக்கும். பயிற்சியோ கைமாறக் கைமாறத் தேய்கிறது. அடுக்கடுக்காக மேலிருந்து இறங்கும் பயிற்சியைப் பற்றி ஆசிரியர்கள் இன்றளவும் கூறும் குறை இதுவே. 'ஏன்' என்பது மேலடுக்கிலேயே நின்றுவிட, 'எப்படி' என்பது மட்டும் வகுப்பை வந்தடைகிறது. ஆசிரியர் கையில் புத்தகத்தை உயர்த்தி 'திஸ் இஸ் எ புக்' என்கிறார்; நாற்பது குழந்தைகள் திரும்பச் சொல்கின்றனர். அது புத்தகம் என்பதை அறியாதவர் அந்த அறையில் எவருமில்லை.

இக்குறையை ஆழ்ந்து எண்ணியவர் என்.எஸ். பிரபு. அவரது முன்முயற்சியில் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த பணி 'பெங்களூர்த் திட்டம்' என உலகெங்கும் பெயர்பெற்றது. மாணவர் மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே உள்ளே படியும் என்பது அதன் அடிப்படை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் சென்றால் உரிய நேரத்துக்குள் ஊர் சேரலாம் என்று கணக்கிடச் செய்வது போன்ற பணிகளே அங்குப் பாடமாயின. வேப்பம்பட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலப் பாடம் கிடைப்பது அரிது. பிரபுவே 1990இல் எழுதிய கட்டுரையொன்றில், எல்லோர்க்கும் எங்கும் சிறந்த முறை என ஒன்றில்லை என்று வாதிட்டார். கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றி ஆசிரியர் தம் உள்ளத்தில் கொண்டுள்ள நம்பிக்கை உயிர்ப்போடு இருக்கிறதா என்பதே அவருக்கு முதன்மையான கேள்வி. முறை வகுத்த ஒருவரே முறையைவிட ஆசிரியர் பெரிதென்று சொன்னது எண்ணத் தக்கது.

அதன் பின்னும் மாற்றங்கள் வந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலமெங்கும் பரவியது. சமச்சீர்க் கல்வி 2010இல் தொடங்கியது. பத்தாம் வகுப்பு மொழிப் பாடங்களின் இரு தாள்களை ஒன்றாக்கும் ஆணை 2019இல் வந்தது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. இவற்றின் நன்மை தீமைகளை எடைபோட இவ்வுரை போதாது. ஆசிரியர் ஓய்வறைப் பேச்சில் மட்டும் ஒரு கேள்வி மாறாமல் நிற்கிறது: "எல்லாம் சரி, வினாத்தாளில் என்ன கேட்பார்கள்?"

கவிஞர்கள் கூடியுள்ள அவையாதலின் கவிதைப் பகுதியையே சான்றாகக் கொள்ளலாம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் மனப்பாடப் பாடலுக்கு மதிப்பெண் உண்டு. அடி பிறழாமல், நிறுத்தக்குறியும் தவறாமல் எழுத வேண்டும். கூடவே, குறித்த அடிகளில் எவ்வெச் சொற்கள் இயைந்து வருகின்றன, எந்த அணி அமைந்துள்ளது என்னும் வினாக்கள். மனப்பாடம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. நீதி நூல்களை நெஞ்சில் ஏற்றிய மரபு இது. ஆயினும் அங்கே செவி முந்தியது, ஓசை பொருளைச் சுமந்து வந்தது. இங்கே, ஒருமுறையும் உரக்கப் படித்துக் கேளாத பாட்டைக் கண்ணால் மட்டும் உருவேற்றுகிறான் மாணவன். இயைபுச் சொற்களைக் கடைசி எழுத்துகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறான். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் வரும் இடங்களில் அவன் ஏமாறுவது எங்ஙனம் வியப்பாகும்?

அடுத்தது, ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்பது. பயிற்சி வகுப்புகளில் கூடாதென்று கேட்டுவரும் ஆசிரியர், வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் விளக்குகிறார். ஆய்வுக்கு அலுவலர் வந்தால் நிறுத்திக்கொள்கிறார். ஓர் ஆசிரியர் தம் தாய்மொழியை ஒளித்துப் பேசும்படியான ஏற்பாடு நாணத்துக்குரியது. அதே வேளையில், தமிழிலேயே முழுப் பாடத்தையும் கதையாகச் சொல்லி, விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு முடிப்பதும் நடக்கிறது. அது தமிழ்ப்பற்று ஆகாது. பல பள்ளிகளில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரே நெடுங்காலம் ஆங்கில வகுப்பையும் சுமந்தார் என்பதை மறந்து அவரைக் குறைகூறுவதும் முறையன்று. தமிழ்ச் சொற்றொடரையும் ஆங்கிலச் சொற்றொடரையும் அருகருகே வைத்து, தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதையும் ஆங்கிலத்தில் அது எழுவாயைத் தொடர்ந்து வருவதையும் பத்து மணித்துளி பேசினால் மாணவர் பிழைகளுள் ஒரு பகுதி தீரும் என்பது அனுபவம் மிக்க ஆசிரியர்களின் கருத்து. மொழிபெயர்ப்பில் கைதேர்ந்த கவிஞர்கள் இதை எளிதில் ஒப்புவர்.

இடையில் நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1926இலேயே இதை எழுப்பினார். ஆயுள் காப்பீட்டை இடையில் முறித்தால் கைக்கு வரும் 'சரண்டர்' தொகையைப் போல, படிப்பை இடையில் விட்ட மாணவனுக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் கிட்டும் பயன் என்ன என்று கேட்டார். எட்டாம் வகுப்போடு பணிமனைக்குச் சென்றவன் ஓர் எச்சரிக்கைப் பலகையையேனும் படித்தறிய வேண்டாமா? பாடத்திட்டம் வகுப்போர் முடிவை எட்டுவோரையே எண்ணி வகுக்கின்றனர். முன்பே இறங்கிவிடுவோரை நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் காண்பவர் ஆசிரியர்.

பேச்சுத் திறனுக்கும் பொதுத் தேர்வில் இடம் வேண்டும் என்பது ஆசிரியர் பலரின் விருப்பம். பத்தாம் வகுப்பு அறிவியலில் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைத் தேர்வுக்கு உரியது. ஆங்கிலத்திலோ 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. கேட்கப்படாத ஒன்றை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை. இதை மறுக்கும் ஆசிரியர்களும் உள்ளனர். செய்முறைத் தேர்வில் போல எல்லார்க்கும் முழு மதிப்பெண் வழங்கிவிடும் வழக்கம் பேச்சுத் தேர்வையும் பற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் அச்சம். அயற்பள்ளி ஆசிரியர் வந்து தேர்வு நடத்தட்டும், பிள்ளைக்கு ஐந்து மணித்துளி போதும் என்கின்றனர் முன்னவர். அறுபது பிள்ளைகளுக்கு ஐந்து ஐந்தாக ஐந்து மணி நேரம், அந்நாளில் அயற்பள்ளியில் வகுப்பெடுப்பவர் யார் என்கின்றனர் பின்னவர். இருவர் சொல்லிலும் உண்மை இருக்கிறது. இவ்வழக்கு ஆசிரியர் அறையிலேயே நின்றுபோகாமல் பாடத்திட்டக் குழுவின் மேசைக்குச் செல்லட்டும்.